கர்ணனின் காருக்கு ஜீப் இன்ஜின்

யுத்தம் முடிந்து கம்பத்துக்குத் திரும்பி ஐந்து மாதமாகியும் ஜெய்லானியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பான். கடைத்தெருவுக்கென்று கிளம்பிக் கூடலூர் வரைக்கும் ஆறு மைல் நடந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவான். அசாமில் ராணுவப் பட்டறையில் மூன்று வருஷம், நாளுக்கு ஏழெட்டு ஜீப் என்று பழுது பார்த்த கை அது. இங்கே குமுளி ரோட்டில் அவன் போட்டிருந்த தகரக் கொட்டகைக்கு வாரத்துக்கு ஒரு பஸ் வந்தால் பெரிது. பெட்ரோலுக்குக் கூப்பன், டயருக்குப் பெர்மிட். ஊரில் பாதி வண்டிகள் சக்கரம் கழற்றிக் கல்லின் மேல் ஏறி நின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, ஆனி மாதம். குமுளிக் கணவாயிலிருந்து இறங்கிய காற்று கொட்டகையின் தகரத்தைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், இரண்டு மாடுகள் ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தன. இரண்டே ஆள் உட்காரும் கார். கூரை கிடையாது. மூக்கு நீளம், பின்பக்கம் தோணி போலக் கூர்ந்து முடிந்தது. மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் இருபது வருஷத்துக்கு முன் சீமையிலிருந்து இறக்கியது. பந்தயத்தில் ஓடுகிற ஜாதி என்பார்கள். அவர் ஊருக்குக் கப்பல் ஏறியபோது அதை வாங்கியவன்தான் இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உத்தமபாளையம் பெரிய வீட்டுக் கர்ணன். இருபத்தாறு வயது. தெரு கூடிச் சிரித்ததைக் கவனிக்காதவன் போல நேராகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மாடுகளை அவிழ்த்ததும் கைத்தடியை முதலில் ஊன்றி, பிறகு இறங்கினான். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிருந்தது.

"அண்ணே, தொறந்து பாருங்க," என்றான்.

ஜெய்லானி மூடியைத் தூக்கினான். கனெக்டிங் ராடு ஒன்று முறிந்து, இன்ஜினின் இரும்பு உடம்பைக் குத்திக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கை நுழையும் ஓட்டை.

"எங்கன வச்சு?"

"சின்னமனூர் தாண்டி. ஒரு லாரியை முந்தப் போனேன்."

"ரொம்ப வேகமோ?"

"அதோட வேகம் அம்புட்டுத்தான். நான் இன்னுங் கொஞ்சம் கேட்டேன்."

"இதை ஒட்ட முடியாது தம்பி. இதே மாதிரி இன்னொண்ணும் கிடைக்காது. இப்ப இதை யாரும் செய்யறதில்லை."

"எங்க அண்ணனும் அதைத்தான் சொல்றாக. கோழி அடைக்க ஆகுமாம்."

ஜெய்லானி இன்ஜின் இருந்த குழிக்குள் கையை விட்டு, நீளத்தையும் அகலத்தையும் சாணால் அளந்தான். ஒருமுறை அளந்ததை மறுபடி அளந்தான். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"தம்பி, ஜீப் இன்ஜின் பார்த்திருக்கீகளா?"

மறுவாரம் இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விடும் மைதானத்தில் ஜீப்புகளும் லாரிகளும் வரிசையாக நின்றன. அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் ஜெய்லானியின் நடையே மாறிப்போனது. முன்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு ஜீப்பின் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றி, காதை அதன்மேல் வைத்துக் கேட்டான்.

"இதுதான். இது இடிச்ச வண்டி. தேஞ்ச வண்டி இல்லை."

திரும்பும்போது லாரியில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். வத்தலக்குண்டு தாண்டியதும் கர்ணன் பேச ஆரம்பித்தான்.

"சின்னதுல என்னைய மாட்டுவண்டியில பின்னாடி உக்கார வச்சுத்தான் கூட்டிட்டுப் போவாக. காலைத் தொங்கப் போட்டுக்கிறலாம்னு. பதினெட்டு வயசு வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் விட்டுட்டு வந்த பாதையைத்தான்ணே பார்த்தேன். இந்தக் காருல உக்காந்த அன்னிக்குத்தான் வர்ற பாதையைப் பார்த்தேன்."

ஜெய்லானி தலையை ஆட்டினான். காதில் பாதிதான் விழுந்தது. காரின் பழைய கியர் பெட்டியோடு இந்த இன்ஜினை எப்படிச் சேர்ப்பது என்பதில் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு நாள் வேலை. சங்கிலி போட்டுப் பழைய இன்ஜினை வெளியே தூக்கினான். புது இன்ஜினின் போல்ட் ஓட்டையும் கியர் பெட்டியின் போல்ட் ஓட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நடுவே வைக்க வட்டமான ஒரு இரும்புத் தகடு வேண்டும். அல்லிநகரத்தில் பஞ்சு மில்லில் லேத்து ஓட்டிய ராக்கையாவிடம் போனான். அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தகட்டைக் கடைந்து கொடுத்தார். ஜெய்லானி அளந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் கடைந்ததையும் திருப்பினான்.

"ஒரு மயிரிழைதான்யா கூட இருக்கு," என்றார் ராக்கையா.

"அந்த மயிரிழைக்குத்தான் கியர் பெட்டி கத்தும்."

மூன்றாவது தகட்டை அவன் கையில் வைத்தபோது ராக்கையா சொன்னார்: "நீங்க சண்டையில ஜப்பான்காரனை வெரட்டுனீகளோ என்னமோ, என்னைய வெரட்டிட்டீக."

தகடு பொருந்தியது. மற்றதெல்லாம் பொருந்தவில்லை. இன்ஜினின் அடித்தொட்டி குறுக்குக் கம்பியில் இடித்தது, வெட்டி ஒட்டினான். டைனமோ ஸ்டியரிங் தண்டை முட்டியது, இடம் மாற்றினான். ரேடியேட்டரை நாலு விரல் முன்னே தள்ளினான். மூடி மூடவில்லை, அதில் ஒரு மேட்டைத் தட்டி எடுத்தான். கர்ணன் தினமும் பஸ்ஸில் வந்து, தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்று, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான்.

ஜெய்லானி அந்த நாட்களில் கூடலூருக்கு நடக்கவில்லை. ஆனால் நின்றுகொண்டே சாப்பிட்டான். சோறு கொண்டுவந்த மனைவி ஜெய்த்தூன் பீவி தூக்குப்போணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"இந்த இன்ஜினைத் தூக்கி வச்சுட்டா உக்காருவீகளா?"

"உக்காருவேன்."

"சண்டை முடிஞ்சா வந்து உக்காருவேன்னுதான் காயிதத்துல எழுதியிருந்தீக."

ஆடி பிறந்த இரண்டாம் நாள் இன்ஜின் கிளம்பியது. பழையது உறுமும், இது ஒரே சீராகப் பேசியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஜெய்லானி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க தம்பி," என்றான்.

கர்ணன் ஏறி உட்கார்ந்தான். இடது காலைக் கையால் தூக்கிக் கிளட்ச் மிதியில் வைத்தான். பழைய கிளட்ச் கால் வைத்தாலே இறங்கும். இது அசையவில்லை. தொடை நடுங்கியது. இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்து அமுக்கினான். மிதி பாதி இறங்கியது. கியர் நறநறவென்று பல்லைக் கடித்தது. மறுபடி அமுக்கினான். கால் வழுக்கி, மிதி துள்ளி எழுந்து அவன் கணைக்காலில் அடித்தது.

கர்ணன் இன்ஜினை நிறுத்தினான். காற்றில் தகரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"இது என் காலுக்கு இல்லைண்ணே," என்றான்.

ஜெய்லானி குனிந்து அந்த மிதியைப் பார்த்தான். இன்ஜினோடு வந்த ஜீப்பின் கிளட்ச் சிப்பாய்களின் காலுக்காகச் செய்தது. எத்தனையோ முறை அதை மிதித்திருக்கிறான். போல்ட்டை அளந்தான், தண்டை அளந்தான், மயிரிழையை அளந்தான். இருபத்தாறு நாளும் எதிரிலேயே தடியோடு நின்றவனின் காலை நினைக்கவில்லை.

கர்ணன் இறங்கி நின்றான். "நீங்க ஓட்டிப் பாருங்க. எப்படிப் போகுதுன்னாவது நான் பாக்குறேன்."

வேண்டாம் என்று ஜெய்லானி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏறினான். கூடலூர் ரோட்டில் மூன்றாவது கியரில் அழுத்தியபோது இருபக்கத்து நெல் வயலும் ஒரே பச்சைக் கோடாக ஓடியது. எதிர்க்காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் முறுக்கிக்கொண்டிருந்த ஒன்று அவிழ்ந்தது. திரும்ப வேண்டும் என்று தெரிந்தும் இன்னொரு மைல், இன்னொரு மைல் என்று போனான். கொட்டகைக்கு வந்தபோது கர்ணன் இல்லை. பஸ் ஏறிவிட்டான் என்றார்கள்.

மறுநாள் கர்ணனின் அண்ணன் வேலுச்சாமி வந்தார். தகப்பன் போனபிறகு நாலு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கிய மூத்தவர், கர்ணன் கடைக்குட்டி. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தப்பா நினைக்காதீக ராவுத்தரே. எனக்கு நிம்மதியாத்தான் இருக்கு. அவன் இதை எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. வண்டி பறக்குதுங்கிறாக. நீங்களே டிரைவரா வந்துருங்க. அவன் பக்கத்துல உக்காந்து வரட்டும்."

"யோசிச்சுச் சொல்றேங்க," என்றான் ஜெய்லானி.

வீட்டில் ஜெய்த்தூனிடம் சொன்னான். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஆசையா இருக்கா?"

"இருக்கு."

"அந்தத் தம்பிக்கு?"

அவன் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான்.

முதலில் மிதியின் கம்பியை நீளமாக்கினான். மிதி இலேசானது, ஆனால் தரையில் இடிக்கும் வரை மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை. அதைக் கழற்றி எறிந்தான். பிறகு ஒரு காரியம் செய்தான். தன் இடது காலைத் துண்டால் சீட்டின் கம்பியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில் காரைக் கிளப்பினான்.

வலது கால் ஒன்றுதான். கிளட்சை மிதித்தால் வேகமிதிக்குக் கால் இல்லை. வேகமிதிக்குப் போனால் கிளட்ச் துள்ளுகிறது. மூன்றாவது தடவை கார் தாவிப் போய்க் கல்சுவரில் மோதியது. நெற்றி கண்ணாடிச் சட்டத்தில் பட்டுக் கிழிந்தது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். வேகத்தைக் கைக்கு மாற்ற வேண்டும், காலுக்குக் கிளட்சும் பிரேக்கும் மட்டும் போதும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

வேகமிதியைக் கழற்றினான். குறுக்கே ஒரு கம்பி போட்டுக் கிளட்ச் மிதியை வேகமிதி இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தான். ஓடாமல் கிடந்த லாரி ஒன்றிலிருந்து இழுவைக் கம்பி எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே விரலால் அழுத்தி வேகம் கூட்டும்படி ஒரு நாக்கு வைத்தான். பிறகு காலைக் கட்டிக்கொண்டு நாலு நாள் ஓட்டினான். முதல் நாள் கார் முயல் போலத் துள்ளியது. நாலாம் நாள் தண்ணீர் போலக் கிளம்பியது. இறங்கும்போது முடிச்சை அவிழ்க்க முடியாமல் கால் மரத்துக் கிடந்தான். சோறு கொண்டுவந்த ஜெய்த்தூன் குனிந்து அவிழ்த்தாள்.

"யாரு கட்டுனது?"

"நாந்தான்."

அவள் அவன் நெற்றியைப் பார்த்தாள்.

உத்தமபாளையத்தில் கர்ணன் மாடியை விட்டு இறங்கவில்லை. ஜெய்லானி முற்றத்தில் நின்று மேலே பார்த்துச் சொன்னான்:

"தம்பி, என் தப்பு. உங்க காலைக் கேக்காம வேலை பார்த்துட்டேன். இப்ப எங்காலைக் கட்டிக்கிட்டு நாலு நாளா ஓட்டியிருக்கேன். ஓட்ட முடியுது. நெத்தியைப் பாத்துக்கங்க, முதல்ல இப்படித்தான் ஆகும். பழகிரும்."

பிறகு மரப்படியில் தடியின் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. பக்கத்தில் நின்ற வேலுச்சாமியின் முகம் கறுத்தது.

"உங்களை டிரைவரா வாங்கன்னுதான கூப்பிட்டேன்," என்றார்.

"எனக்கும் வரணும்னுதாங்க இருந்துச்சு," என்றான் ஜெய்லானி.

ஒரு வாரம் கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே ஜெய்லானி பக்கத்தில் உட்கார்ந்து வர, கர்ணன் ஓட்டிப் பழகினான். எட்டாம் நாள் காலை தனியாக வந்து, "கூடலூர் வரைக்கும் போயிட்டு வர்றேண்ணே," என்று எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் வரை வரவில்லை. ஜெய்லானி கையில் எடுத்த வேலையை வைத்துவிட்டு ரோட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தான். மூன்று மணிக்கு வேலுச்சாமி வந்து இறங்கினார். யார் சொன்னார்களோ, விஷயம் தெரிந்தே வந்திருந்தார்.

"மலையேறிட்டானாம்," என்றார்.

மேலே போகிற, மரம் ஏற்றும் ஒரு லாரியில் இருவரும் தொற்றிக்கொண்டார்கள். லோயர் கேம்ப் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. சாரல் முகத்தில் அடித்தது. ஒவ்வொரு கொண்டை வளைவிலும் வேலுச்சாமி எட்டிப் பள்ளத்தைப் பார்த்தார். ஜெய்லானி ரோட்டு ஓரத்துக் கற்களைப் பார்த்தான், எங்காவது புதிதாகப் பெயர்ந்திருக்கிறதா என்று. ஸ்டியரிங்குக்குக் கீழே தான் வைத்த அந்த நாக்கு திரும்பாமல் சிக்கிக்கொண்டிருந்தால் என்று நினைத்தபோது அவனும் பள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

உச்சிக்கு ஒரு மைல் இருக்கும்போது கார் தெரிந்தது. மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றது. உள்ளே ஆள் இல்லை.

லாரி நிற்பதற்குள் வேலுச்சாமி குதித்துப் பள்ளத்தின் விளிம்புக்கு ஓடி, "கர்ணா," என்று கூப்பிட்டார். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. ஜெய்லானி காரைத் தொட்டுப் பார்த்தான். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. காரைச் சற்றுத் தள்ளியதும் பின் அச்சுக்குள் உடைந்த பல் கரகரத்தது. புது இன்ஜினின் பலத்தைப் பழைய அச்சு தாங்கவில்லை. குனிந்தபோது சக்கரங்களைப் பார்த்தான்.

"விழுகலைங்க. நாலு சக்கரத்துக்கும் கல்லு முட்டுக் குடுத்திருக்காரு. நடந்து போயிருக்காரு."

"நடந்தா? இந்த ஏத்தத்துலயா?"

குமுளியில் எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. இவர்கள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர், "ஆ காரின்டெ ஆளோ? இவிடெ உண்டு," என்று மலையாளத்தில் சொல்லி உள்ளே கை காட்டினார். லாரிக்காரர்கள் நடுவே கர்ணன் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். தடி பிடித்த உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"ஆறு வளைவு, ஒரே மூச்சு. ஏழாவதுலதான் முறிஞ்சுபோச்சுண்ணே," என்றான் ஜெய்லானியைப் பார்த்து.

வேலுச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

கர்ணன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "மத்த மூணு பேரையும் அடிச்சு வளத்தீக. என்னைய மட்டும் ஒருநாளும் தொட்டதில்லைண்ணே," என்றான். குரலில் கோபம் இல்லை.

வேலுச்சாமி பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கர்ணன் தன் டீக் கிளாசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். வெகுநேரம் கழித்து அவர் அதை எடுத்துக் குடித்தார்.

இரவு அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் காரை இறக்கினார்கள். காரைக் கீழ்முகமாகத் திருப்பிப் பின்பக்கத்தில் வடத்தைக் கட்டி, ஒரு லாரி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். காரில் ஒருவர் உட்கார்ந்து திருப்ப வேண்டும், பிரேக் போட வேண்டும்.

"நீங்க உக்காருங்க ராவுத்தரே," என்றார் வேலுச்சாமி.

ஜெய்லானி காரைப் பார்த்தான். அந்த இருக்கையும் ஸ்டியரிங்கும் அவனை இழுக்கத்தான் செய்தன. "அந்த மிதியெல்லாம் அவரு காலுக்குப் பழகியிருக்குங்க. அவரே உக்காரட்டும். நான் வடத்தைப் பாத்துக்கிறேன்."

வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

லாரியின் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு ஜெய்லானி கீழே இறங்கும் இரண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். முதல் வளைவில் அண்ணனின் கை கதவை இறுகப் பற்றியிருந்தது. மூன்றாவதில் தம்பி எதையோ சொல்ல, அவர் குனிந்து அவன் காலைப் பார்த்தார். அதன்பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் கை நீட்டி ரோட்டைக் காட்டுவதும் கர்ணன் தலையாட்டுவதும் தெரிந்தது. லோயர் கேம்பில் சமதரை வந்ததும் வேலுச்சாமி இறங்கினார். காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் பின் அச்சு எங்கன கிடைக்கும் ராவுத்தரே?"

"ஜீப் அச்சே இருக்குங்க. அகலம் ஒத்துவராது. வெட்டிச் சுருக்கணும்."

"அப்ப ராக்கையாண்ணன் இப்பவே ஊரைக் காலி பண்ணிருவாக," என்றான் கர்ணன்.

ரமலான் பத்தாம் நோன்பன்று முதல் பஸ்ஸில் ஜெய்லானி மதுரைக்குக் கிளம்பினான். கர்ணனும் வந்தான். வேலுச்சாமியும் வந்தார், ஏல மைதானத்தில் அச்சை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தேய்ந்தது எது என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள் அந்தக் கார் ஜீப் அச்சோடு குமுளி ஏறி இறங்கியது. கர்ணன் ஓட்டினான்; அண்ணன் பக்கத்தில் இருந்தார். கிளம்பும்போது கொட்டகை வாசலில் நிறுத்தி ஜெய்லானியையும் கூப்பிட்டார்கள், தொங்கிக்கொண்டாவது வாங்க என்று. தேவதானப்பட்டியிலிருந்து வந்திருந்த லாரியின் அடியில் அவன் மல்லாந்து கிடந்தான். கியர் பெட்டி பாதி இறங்கியிருந்தது, இரண்டு கையும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"போயிட்டு வாங்க தம்பி. இதை விட்டா மேல விழுந்துரும்," என்றான்.